பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டனுக்கு ஒன்றரை மணி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த முட்டாள்தனங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பி வைத்தால் அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடி வரைக்கும் வரும். அதில் முக்கால்வாசியை ஊர் மறந்துவிட்டது. என் சௌகரியத்துக்கு நானும் மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்க வழியில்லாமல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கண்ணால் பார்த்திராத இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆகாய விமானம் எத்தனை நேரத்தில் போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் முட்டாள்தனம். தப்பாகப் போட்டிருந்தால் என் அக்கா இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அப்போது எனக்குத் தெரிந்த தூரதேசம் என்றால் ஒரு பக்கம் அரக்கோணம், இன்னொரு பக்கம் பட்டணத்துக் கடற்கரை. அம்பத்தூரை ஒட்டிய எங்கள் கள்ளிக்குப்பத்தில் ஏர் பிடிக்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். நான் கலப்பையைத் தொட்டால் மாடு திரும்பி என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையில் இருந்த ஏளனத்தைப் பொறுக்கமாட்டாமல்தான் எங்கள் நைனா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் என்பது என் அபிப்பிராயம். படித்த படிப்புக்கு யுத்தம் வேலை கொடுத்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகப் பெரிய பெரிய கிடங்குகள் முளைத்தன. அதில் ஒன்றில் நான் குமாஸ்தா. கள்ளிக்குப்பத்திலிருந்து அண்ணனூர் வயல் ஓரமாக சைக்கிளில் போய்வருவேன். வீட்டில் நானும் அக்காவும்தான். நைனாவும் அம்மாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா பூந்தமல்லிக்காரர், லாரி டிரைவர். பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்யாணமான ஒன்பதாவது மாதம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எங்கேயோ ஒரு பாலைவனத்தில் லாரியோடு சேர்த்து எதிரி அவரைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எப்போதாவது கைதி முகாமிலிருந்து நாலு வரிக் கடிதம் வரும். முதலில் இத்தாலியிலிருந்து வந்தது. அப்புறம் ஜெர்மனிக்கு மாற்றிவிட்டார்கள் என்று வந்தது.

இந்தச் சமயத்தில்தான் நான் மூர் மார்க்கெட் பழைய புஸ்தகக் கடையில் பூகோளப் படப் புஸ்தகம் ஒன்று வாங்கித் தொலைத்தேன். அட்டை கிடையாது. ஆப்பிரிக்காவில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஐரோப்பா மட்டும் பளபளவென்று முழுசாக இருந்தது, அங்கே இருந்த நிஜ ஐரோப்பாவைவிட நல்ல நிலைமையில். அந்தப் புஸ்தகம் வந்த பிறகு நான் கள்ளிக்குப்பத்தின் பூகோள சாஸ்திரி ஆகிவிட்டேன். டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது எந்த ஊர் விழுந்தாலும் எனக்கு ஆள் வரும். "அண்ணாத்தே, இது எங்க கீது? அங்கேர்ந்து இங்க எத்தினி மைலு?" நான் தையல் நூலை எடுத்து ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நீட்டிப் பிடிப்பேன். அதைப் பக்கத்தின் அடியில் இருக்கும் மைல் கோட்டின் மேல் வைப்பேன். தொண்டையைச் செருமிக்கொள்வேன். அப்புறம் சொல்வேன். வைத்தியன் நாடி பார்த்துச் சொல்வதுபோல எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஏர் பிடிக்கத் தெரியாதவனுக்கு இந்த மரியாதை போதாதா?

மாமா ஜெர்மனிக்குப் போன செய்தி வந்தபோதும் இப்படித்தான் அளந்து காட்டினேன். ரோமாபுரியிலிருந்து பெர்லின் எழுநூறு மைல் சொச்சம். அக்கா நூலை நம்பவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் முல்லை போட்டிருந்தாள். பூ தொடுத்து அம்பத்தூர் கடைக்குக் கொடுப்பாள். நீளம் அளக்கிற விஷயத்தில் அவளுக்குத் தன் கையைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை கிடையாது. படத்தின் மேல் விரல்களை ஒட்டி ஒட்டி வைத்துப் பார்த்தாள். "மூணர வெரலு" என்றாள். மூன்றரை விரல் தள்ளிப் போய்விட்டாரே என்று அன்றைக்கு முழுக்க அழுதாள்.

ஜெர்மனி விழுந்தது. டீக்கடையில் எல்லாருக்கும் அக்கா வெல்லம் கொடுத்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தபால் இல்லாத நாளாக இருந்தும், பட்டாளத்துக் கடிதம் என்று தபால்காரர் நீலக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமாவின் கையெழுத்து. நான் உரக்கப் படித்தேன். முகாமைத் திறந்துவிட்டார்கள், நானும் நம் ஆட்கள் சிலரும் பிரஸ்ஸல்ஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம், நாளைக் காலையில் எங்களை ஆகாய விமானத்தில் லண்டன் அனுப்புகிறார்கள், இறங்கினவுடன் தந்தி கொடுக்கிறேன், தைரியமாக இரு. அவ்வளவுதான் கடிதம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தபால்காரருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"லண்டன்னா ராசா ஊரு தானேடா?"

"ஆமாக்கா. மாமா போய் எறங்கறப்ப ராசாவே மாலை எட்த்துகினு வருவாரு."

"சீ, வாய மூடு. அந்த ஊர்லேர்ந்து ராசா ஊரு எத்தினி தூரம்?"

இங்கேதான் நான், 'எனக்குத் தெரியாதுக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் லண்டனுக்குப் போக ஆறு மாதம் ஆகும் என்று அவள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு முல்லை தொடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் தபால்காரர் வேறு உட்கார்ந்திருந்தார். சபை என்று ஒன்று கூடிவிட்டால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை.

புஸ்தகம் வந்தது, நூல் வந்தது, தொண்டைச் செருமலும் வந்தது. பிரஸ்ஸல்ஸ் புள்ளிக்கும் லண்டன் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். ஒரு கீற்றுக் கடல்.

"எரநூறு மைலு" என்றேன். "பட்டாளத்து ஆளுங்கள ஏத்திகினு போற விமானம் மணிக்கு நூத்தம்பது மைலு ஓடுமாம். எங்க பெரிய குமாஸ்தா சொன்னாரு. ஏற, எறங்க கொஞ்சம் சேத்துக்க. ஒன்னர மணி."

"ஒன்னர மணியா!"

"பின்ன? நீ ஒல வெச்சி, சோறு வடிச்சி, கொழம்ப எறக்கறதுக்குள்ள மாமா லண்டன்ல எறங்கி மீசைய முறுக்கிகினு நிப்பாரு. நம்ம பாசஞ்சர் வண்டி அரக்கோணம் போற நேரம்கூட இல்ல."

தபால்காரர் "அட கடவுளே" என்று மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். அக்கா சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு ஏதோ நானே அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு போனதுபோல இருந்தது. இன்னும் நாலு வார்த்தை அளக்கலாம் என்று வாயைத் திறக்கும்போது அக்கா கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது எப்ப எய்தனது?"

தேதியைப் பார்த்தேன். "பதினெட்டு நாளாச்சி."

"மறுநாளு காலைல கெளம்பறாங்கன்னு கீது."

"ஆமாக்கா."

"ஒன்னர மணில போய் எறங்கியிருப்பாரு."

"ஆமா."

"அங்கேர்ந்து தந்தி வர எத்தினி நாளாவும்?"

வாய் முந்திக்கொண்டது. "ரெண்டு நாளு. மிஞ்சிப் போனா மூணு."

அக்கா கடிதத்தை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். தபால்காரர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப எங்கடா தந்தி?"

அதற்கு என்னிடம் நூல் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே ஒன்றரை மணிக்குள் நடந்தது. அக்கா உலை வைப்பாள், குழம்பை இறக்குவாள், இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, உவமானத்தைக் கொடுத்தவனே நான்தானே. சோழவரம் விமானத் தளத்திலிருந்து விமானங்கள் போகிற காலம் அது. சத்தம் கேட்டால் முன்பெல்லாம் தலையைத் தூக்கக்கூட மாட்டாள். இப்போது கையில் இருக்கிற பூவைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். அது மேகத்துக்குள் போய் மறைகிற வரைக்கும் பார்ப்பாள்.

"இது கீழ வியுமாடா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"காக்கா வியுதா? அது மாதிரிதான்" என்றேன். சமாதானம் சொன்னதாக நினைப்பு. அவள் அன்று சாயங்காலம் எங்கள் கிணற்றடியில் செத்துக் கிடந்த காக்கையைக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு போய் அதைப் புதைத்துவிட்டு வந்தேன்.

இதற்கு நடுவே எங்கள் கிடங்கின் வழக்கம் ஒன்று வேறு வந்து சேர்ந்துகொண்டது. எந்த ஊரிலிருந்து பெட்டி அனுப்பினாலும் வழியில் இத்தனை நாள் ஆகலாம் என்று எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் பெயர் வழிநாள். பம்பாய்க்கு இத்தனை, கல்கத்தாவுக்கு இத்தனை. வழிநாள் இரண்டு மடங்கு தாண்டினால் விசாரித்து எழுதுவோம். மூன்று மடங்கு தாண்டினால் சிவப்பு மசியில் 'வழியில் தொலைந்தது' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவோம். ஒரு தடவை அப்படிக் கோடு போட்ட பிறகு பூட்ஸ் பெட்டி ஒன்று நிதானமாக வந்து சேர்ந்தது. தொலைந்த பெட்டியை எப்படி வாங்கிக்கொள்வது? இல்லாத சாமானை எந்த அலமாரியில் வைப்பது? மழையில் நனைந்துகொண்டு நாலு மாதம் வாசலிலேயே கிடந்தது. இந்தக் கதையை அக்காவிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன், முன்பு ஒரு நாள், சோறு சாப்பிடும்போது.

இப்போது சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

"உங்க கெடங்குல ஒன்னர மணிக்கு வழிநாளு எத்தினி?"

"அக்கா, அதெல்லாம் பொட்டிக்கு."

"பொட்டிக்கே மூணு மடங்கு தானே பாக்கறீங்க."

அடுத்த நாள் கிடங்கில் என் மேஜைக்கு ஒரு தார்ப்பாய்க் கட்டு சம்பந்தமான காகிதம் வந்தது. மூன்று மடங்கு தாண்டிவிட்டது. சிவப்பு மசிப் பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பெரிய குமாஸ்தா பூந்தமல்லியிலிருந்து வருகிற கிறிஸ்தவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஆசாமி. "இன்னாய்யா, தார்ப்பாய் உனக்கு ஒறவா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் மாமாவின் பட்டாள நம்பரைக் கேட்டு, விவரம் விசாரித்துப் பட்டாள ஆபீஸுக்குத் தானே இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதி அனுப்பினார். "தேடிகினு கீறோம்னு பதில் வரும். அத்த வீட்ல சொல்லாத" என்றார். அப்படியேதான் வந்தது. நான் அதையும் வீட்டில் சொன்னேன். என் வாயைப் பற்றித்தான் முன்பே சொல்லிவிட்டேனே.

சரி, போட்ட முடிச்சை நாமே அவிழ்ப்போம் என்று ஒரு யோசனை தோன்றியது. ஒரு சாயங்காலம் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா! நான் ஒரு மடையன்."

"அது தெரியும். இன்னா விசயம்?"

"அன்னிக்கி வேற பக்கத்து மைல் கோட்ட வெச்சி அளந்துட்டேன். இப்பதான் பாத்தேன். எரநூறு இல்ல, ரெண்டாயிரம். நடுவுல பத்து எடத்துல எறங்கி எண்ணெ ஊத்திகினு போவணும். மேகம் பாத்து, காத்து பாத்து... ஒரு மாசம் கூட ஆவும்."

அவள் கையில் இருந்த வாழைநாரைக் கீழே வைத்தாள். ஐரோப்பாவின் மேல் கையை வைத்தாள். ரோமாபுரியிலிருந்து பெர்லினுக்கு மூன்று விரல், அப்புறம் அரை விரல். பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டனுக்கு ஒரே விரல்.

"மூணர வெரலு எயுநூறு மைலுன்னு சொன்னே. ஒரே பக்கத்துல ஒரு வெரலு ரெண்டாயிரமா?"

நான் புஸ்தகத்தை மூடப் பார்த்தேன்.

"பூக்காரிகிட்டயே முழம் போட்டு ஏமாத்தறியா?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நான் பொய் சொன்னதால் அவளுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகிவிட்டது. சேதி கெட்டது என்று தம்பியே நினைக்கிறான், அதனால்தான் நூலை இழுக்கிறான். அப்படி நான் நினைக்கவும் செய்தேன். அதை அவள் அந்த ஒரு விரலால் அளந்துவிட்டாள்.

இது வீட்டுக்குள் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றரை மணி ஊர் முழுக்கப் போய்விட்டது. தபால்காரர் தன் பங்குக்குக் கொண்டுபோனார். ஆனால் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அன்று சாயங்காலமே டீக்கடையில் நானும் எழுந்து நின்று சொன்னவன்தான். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், வாய்க்கு மட்டும் ரேஷன் போடவில்லையே சர்க்கார். இப்போது கள்ளிக்குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவனுக்குக்கூட பிரஸ்ஸல்ஸிலிருந்து லண்டன் ஒன்றரை மணி என்று தெரியும். அவரவர் வீட்டில் அவரவர் கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி, அதோடு மூன்று நாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விடை என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. அக்கா போகமாட்டேன் என்றாள். நான்தான் "போவலன்னா ஊரு இன்னா நெனைக்கும்" என்று கிளப்பிக்கொண்டு போனேன். அதுவும் என் புத்திசாலித்தனம். அவள் தொடுத்த முல்லையே பந்தல் முழுக்க. தாலி கட்டி முடிந்ததும் சந்தனம், குங்குமம், பூ என்று தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாள் பெண்கள் வரிசையில் வந்தாள். நான் எதிர்ப்பக்கம் ஆண்கள் நடுவே உட்கார்ந்து யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

தட்டு அக்கா எதிரில் நின்றிருந்தது. அக்கா கையை நீட்டியிருந்தாள். அந்த அம்மாள் குங்குமச் சிமிழை நீட்டவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை. கெட்ட மனசுக்காரி அல்ல. அக்கா தொட்ட சிமிழ் அடுத்துப் போக வேண்டியது மணப்பெண்ணிடம். அந்த அம்மாள் அக்காவைக் கலவரமாய்ப் பார்த்தாள்.

"இன்னும் தந்தி வல்லியாமே, கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வரும்" என்றாள் அக்கா. "அவரு வழில கீறாரு."

பின்னாலிருந்து ஒரு குரல், யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "ஒன்னர மணி வழியா?" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நீட்டின கையை மடக்கவில்லை. தட்டின் மேல் தானே குனிந்து, மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டாள். சிந்தின குங்குமம் மூக்கு மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமல் எழுந்து, பந்தலைத் தாண்டி, வெயிலில் நடந்துபோனாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி அவள் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் போனதும் அவள் சொன்னாள், "நீ அளக்காம இருந்திருந்தா நான் இன்னும் புருசன் கீறவ."

"கீறாருக்கா. மாமா கீறாரு."

"எங்க? காட்டு பாக்கலாம், ஒன் புஸ்தகத்துல."

அதற்கு அப்புறம் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு போடுவாள். வெந்நீர் வைப்பாள். பேசமாட்டாள். நான் டீக்கடை டீக்கடையாகப் போய் என் கணக்கைத் திருப்பி வாங்கப் பார்த்தேன். விமானம் கிளம்ப நாளாகும், கூட்டம் நிறைய, வரிசையில் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். "இன்னா மாமே, அன்னிக்கி கொழம்பு எறக்கறதுக்குள்ளன்னே, இன்னிக்கி மாட்டுவண்டி ஆக்கிட்ட?" என்றார்கள். சரியான கணக்கை ஊர் ஒரே நாளில் நம்பிவிட்டது. பொய்க் கணக்கை எத்தனை நாள் சொன்னாலும் நம்பவில்லை. திருவேற்காட்டு அம்மனிடம் போய் நின்றேன். சாமி கும்பிடும்போதுகூட எனக்குக் கோணல் புத்திதான். 'தாயே, என் கணக்கு தப்பு என்று நிரூபித்துவிடு' என்று வேண்டிக்கொண்டேன். பரீட்சை எழுதின எவனும் இப்படி வேண்டியிருக்கமாட்டான்.

இன்னும் மூன்று வாரம் போனது. ஒரு நாள் மத்தியானம் கிடங்கு வாசலிலிருந்து காவல்காரன் எனக்கு ஆள் அனுப்பினான். உன்னைத் தேடி ஒரு பொம்பளை வந்திருக்கிறது என்றான். போய்ப் பார்த்தால் அக்கா. கள்ளிக்குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். காலெல்லாம் புழுதி. இது தந்தி, சிவப்பு மசி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு காகிதத்தை நீட்டினாள். "படி" என்றாள். இத்தனை நாளில் முதல் வார்த்தை.

மாமாவின் கையெழுத்து இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எழுத்தே தெரியவில்லை. அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். வீட்டிலேயே படித்திருக்கிறாள், தான் படித்ததை நம்பாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. மாமாவோடு இருந்த ஒரு திருநெல்வேலிக்காரர், மாமா சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். இங்கிலாந்தில் இறங்கின நாளே ஜுரம் கண்டு, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தந்தி கொடுக்கும்படி யாரிடமும் சொல்ல முடியவில்லை. இப்போது எழுந்து உட்காருகிறேன். கப்பலில் இடம் கிடைத்ததும் அனுப்புவார்கள்.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அக்கா தானே வாங்கிக்கொண்டு, கிடங்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், ரொம்ப தூரம் ஓடி வந்தவள் மாதிரி. எனக்கு ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. "கப்பல்ல வந்தா, சூயஸ் வழியா..." என்று ஆரம்பித்தேன்.

தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினாள். நிறுத்திக்கொண்டேன். என் ஆயுசில் நான் பாதியில் நிறுத்தின வாக்கியம் அது ஒன்றுதான்.

மாமா வரும்போது மழைக்காலம் வந்துவிட்டது. அம்பத்தூர் ஸ்டேஷனில் வண்டியிலிருந்து இறங்கின ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரைத் தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் தேடினேன். அக்காதான் அவர் எதிரில் போய் நின்றாள். போகும்போது லாரி ஸ்டியரிங்கையே ஒடித்துவிடுகிற மாதிரி இருந்த மனிதர். இப்போது சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. ஊரே வந்திருந்தது. கல்யாண வீட்டு அம்மாளும் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா கையை உதறவில்லை, ஆனால் அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில் மாமா பேசவே இல்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கையை இலைக்கு அரணாக வளைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். ஒரு பிடி சோற்றை உருட்டி அவர் தன் மடியில் மறைத்து வைத்தார். அதையும் பார்த்தாள். மேலே விமானம் ஒன்று போனது. அக்கா இந்தத் தடவை வெளியே ஓடவில்லை. மாமாதான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சத்தம் ஓயும்வரை கூரையைப் பார்த்தார்.

இரண்டு நாள் நான் பொறுத்துக்கொண்டேன். எனக்கு அது பெரிய தபஸ். மூன்றாம் நாள் காலையில், அக்கா பின்பக்கம் பூப்பறிக்கப் போயிருந்த நேரம், மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை அழிச்சாட்டியத்துக்கும் பிறகு எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் கணக்கு சரியா இல்லையா என்பதுதான். மனுஷ ஜன்மத்தில் இதைவிடக் கேவலமான பிறவி இருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை.

"மாமா, பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து லண்டனுக்கு விமானத்துல எத்தினி நேரம் ஆச்சி? ஒன்னர மணி தானே?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எறங்கறப்ப பக்கத்துல இருந்தவன் எய்ந்துக்கவேயில்ல மச்சான், நான் மணி பாக்கல."